இருபத்து நாலாவது பிள்ளை

ஆறு குழு, குழுவுக்கு நாலு பிள்ளை. ஆக மொத்தம் இருபத்து நாலு பிள்ளைகள் வேண்டும். இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருந்ததோ இருபத்து மூன்று. மணிமேகலை ஏழாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ண எண்ணப் பிள்ளை முளைக்காது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எண்ணினாள்.

“மிஸ், முடிஞ்சிதான்னு பிரின்சிபால் மேடம் கேக்கறாங்க,” என்று ஆயா செல்லி கதவோரம் வந்து நின்றாள்.

“முடிஞ்சிட்டே இருக்குதுன்னு சொல்லுங்கக்கா.”

“காலையிலயும் இதையே தான் மிஸ் சொன்னேன்.”

“அப்ப இன்னொரு தடவ சொல்லுங்க. நிஜமாயிடும்.”

அதியமான்கோட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது அந்த இன்டர்நேஷனல் ஸ்கூல். பெயரில் ஏதோ ஒரு வெளிநாட்டு மரம் இருக்கும். வளாகத்தில் இருந்ததெல்லாம் புளியமரம். அங்கே மணிமேகலைக்கு ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர் வேலை. பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்தக் குழு எந்த நாளில் மண்பானை செய்யும், எந்தக் குழு நாடகம் போடும், எந்தக் குழு பின்னாலுள்ள அரை ஏக்கரில் கேழ்வரகு நடும் என்று கணினியில் பிரித்துப் போட வேண்டும். அந்த மென்பொருளைச் செய்தவர்கள் பிள்ளைகள் நாலு நாலாகவே பிறக்கும் ஏதோ ஒரு நாட்டைச் சேர்ந்தவர்கள் போலிருக்கிறது. மூன்று பேர் குழுவையும் ஏற்கவில்லை, ஐந்து பேர் குழுவையும் ஏற்கவில்லை. திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

இந்த டேர்ம் மட்டும் ஒழுங்காக முடிந்தால் மணிமேகலைக்கு வேலை நிரந்தரமாகிவிடும். ஏதாவது கோளாறு ஆனால், கம்பைநல்லூரில் மாமனாரின் புளிக் குடோன் காத்திருந்தது. கொட்டை எடுக்கும் பெண்களை மேற்பார்வை பார்க்க ஆளில்லை என்று மாமனார் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எம்.ஏ., பி.எட். படித்த மருமகள் சாக்குமேல் உட்கார்ந்து புளி எடை பார்ப்பதை அவர் ஆசையோடு கற்பனை செய்து வைத்திருந்தார். அவள் கணவன் மாதவராஜ் அதை மறுத்து ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அந்தப் புளி வாசனை நினைவுக்கு வந்தாலே மணிமேகலைக்குப் பல் கூசும்.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. பத்துக்குப் பட்டியலைப் பூட்டியாக வேண்டும்.

அவள் விரல்கள் தாமாக ஒரு பெயரை அடித்தன. பூவிழி. வகுப்பு: இரண்டு பி. வரிசை எண்: இருபத்து நாலு. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்து அந்தப் பெயரில் யாரும் இல்லை.

சிவப்புக் கட்டம் பச்சையானது. ஒரு வாரத்தில் யாராவது புதிதாகச் சேர்வார்கள், அப்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று பெருமூச்சு விட்டாள். பூட்டிய பட்டியலை டேர்ம் முடியும்வரை திறக்க முடியாது என்ற வரி திரையின் அடியில் கொசு சைஸில் இருந்தது. அதை அவள் மறுநாள்தான் படித்தாள்.

புதிதாக யாரும் சேரவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை, இரண்டு சட்டை, ஒரு ஜோடி ஷூ, கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை, பெயர் எழுதிய ஒரு பூந்தொட்டி.

“மிஸ், டூ பி-ல ஒரு செட்டு மிச்சங்க,” என்று செல்லி தூக்கி வந்தாள். “பூவிழின்னு போட்டிருக்குது. அப்பிடி ஒரு புள்ளயக் காணமே?”

அட்டையில் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று இருந்தது.

“அது லீவுல இருக்குதுக்கா. வந்ததும் குடுத்துக்கலாம். நீங்களே எடுத்து வெச்சிக்கங்க. யார் கண்ணுலயும் படக் கூடாது.”

“யார் கண்ணுலயுமா?”

“ஆமா. முக்கியமா மேடம் கண்ணுல.”

செல்லி தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு தலைவலி தீர்ந்தது என்று மணிமேகலை நினைத்தாள்.

அடுத்த தலைவலி வருகைப் பதிவில் வந்தது. பத்து நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அந்த மென்பொருள் தானாகவே பிரின்சிபாலுக்கு அனுப்பிவிடும். பிரின்சிபால் பிரியதர்ஷினி மேடம் மணிமேகலையைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த மாதம் பள்ளி முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டிய குணம் ‘பரிவு’ என்று வேறு தீர்மானித்திருந்தார்கள்.

“யாரு இந்தப் பூவிழி? பத்து நாளா வரலியே?”

“டைஃபாய்டு மேடம்,” என்றாள் மணிமேகலை.

சொன்ன அரை மணி நேரத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள் கலர் பென்சிலோடு உட்கார்ந்து, சீக்கிரம் குணமாகி வா என்று இருபத்து மூன்று வாழ்த்து அட்டை செய்தார்கள். மேடம் கண் கலங்கிவிட்டது. மணிமேகலைக்கும் கலங்கியது, வேறு காரணத்தால்.

“நாளைக்கு நாம ரெண்டு பேரும் நேர்ல போய் இதைக் குடுத்துட்டு வரலாம். அவ எந்த ஊரு?”

“அரூர் பக்கம் மேடம். ரொம்ப உள்ள. பஸ்ஸே போகாது.”

“என் கார் போகுமே.”

“ரோடு இல்ல மேடம்.”

“நடந்து போவோம். பரிவுன்னா அது தான?”

தேநீர் கொண்டுவந்த செல்லி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மணிமேகலை அவசரமாகக் குறுக்கிட்டாள்.

“மேடம், சொல்ல மறந்துட்டேன். குணமாயிட்டுது! நாளைக்கே வந்துடுவா.”

“அப்ப நல்லதாப் போச்சு,” என்று மேடம் சிரித்தார்.

அன்றிரவு முழுக்க மணிமேகலை தூங்காமல் அடுத்த நோயைத் தேடினாள். அம்மையா, கை முறிவா என்று முடிவாகவில்லை. காலையில் பள்ளிக்கு வந்து கணினியைத் திறந்தபோது, பூவிழி என்ற பெயருக்கு எதிரே வகுப்பாசிரியை ஆஃப்ரின் பச்சை நிறத்தில் குறித்திருந்தாள். வந்திருக்கிறாள்.

உடனே இன்டர்காமில் கூப்பிட்டாள்.

“ஆஃப்ரின் மிஸ், பூவிழி வந்திருக்காளா?”

“வந்திருக்காளே. ஏன் மிஸ்?”

“நல்லாப் பாத்தீங்களா?”

“அட்டை மாட்டியிருக்கா, சட்டை போட்டிருக்கா. வேற என்ன பாக்கணும்?”

மணிமேகலை போனை வைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆஃப்ரின் தர்மபுரியிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள், தினமும் பத்து நிமிடம் தாமதம். எல்லாப் பெயருக்கும் ஒரே சொடுக்கில் ‘வந்தார்’ போட்டுவிட்டு, கேட்டால் அட்டை சட்டை என்று அளக்கிறாள். தன்னைப் போல இன்னொருத்தியும் இந்தப் பள்ளியில் இருக்கிறாள் என்று மணிமேகலைக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் மதிப்பெண்கள் வந்தன. மண்பானையில் பூவிழிக்கு ஏ. நாடகத்தில் பி பிளஸ். ரோபோட்டிக்ஸில் ‘ஆர்வம் அதிகம், கேள்வி கேட்கிறாள்’. ஒவ்வொன்றையும் படித்து மணிமேகலை தலையில் அடித்துக்கொண்டாள். ஆக, ஒரு வாத்தியார்கூடப் பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லை. பட்டியலைப் பார்த்து அள்ளித் தெளிக்கிறார்கள். ஆசிரியத் தொழில்மேல் அவளுக்கிருந்த மரியாதை போய்விட்டது, நிம்மதி வந்துவிட்டது. கொடுக்கல் வாங்கலில் அது ஒன்றும் நஷ்டமாகத் தோன்றவில்லை.

அந்த நிம்மதியை முதலில் கெடுத்தவர் தோட்ட வாத்தியார் நவநீதன்.

“உங்க பூவிழி கில்லாடிங்க மிஸ்,” என்றார் அவர், சாப்பாட்டு நேரத்தில். “மத்ததுங்க எல்லாம் கேழ்வரகு பாக்கெட்டுலயே வெளையுதுன்னு நெனச்சிட்டிருக்குதுங்க. இவ பயிரையும் களையையும் பிரிச்சி, ஒரு வரிசைய ஒத்தையா சுத்தம் பண்ணிட்டாங்க. களி கிண்டறப்ப கட்டி தட்டாம எப்பிடி துடுப்பப் போடணும்னு எனக்கே சொல்லிக் குடுக்கறா.”

மணிமேகலை சாப்பிடுவதை நிறுத்தினாள். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு விவரம் சேர்ப்பதில்லை. அவளுக்கு அந்தத் தொழில் நுணுக்கம் தெரியும்.

“சார், அவ பாக்கறதுக்கு எப்பிடி இருப்பா?”

“ரெட்டச் சடை. சிகப்பு ரிப்பன்.” நவநீதன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. “என்னுங்க மிஸ் இது... முதுகு தான் ஞாபகம் வருது. மூஞ்சி ஞாபகத்துக்கே வரலியே.”

மணிமேகலை கை கழுவக்கூடப் போகாமல் நேராகத் தாழ்வாரத்துக்குப் போனாள். இரண்டு பி வகுப்பின் இருபத்து நாலு பூந்தொட்டிகளும் அங்கே வரிசையாக இருந்தன. சில தொட்டிகளில் அவரைச்செடி அரை அடி வளர்ந்திருந்தது, சிலதில் காய்ந்திருந்தது. கடைசித் தொட்டியில் ஆளுயரக் குச்சி நட்டு, அதைச் சுற்றிக் கொடி பிடித்து, பூ விட்டிருந்தது. தொட்டியில் பூவிழி என்று எழுதியிருந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

அன்று முதல் அவளுக்குப் பயம் பிடித்தது. சாதாரணப் பயமில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பூவிழி என்பவள் பட்டியலில் இருக்கும் ஒரு பிள்ளை, அவ்வளவுதான். அப்படியொரு பிள்ளை பிறக்கவே இல்லை என்று இந்த உலகத்தில் மணிமேகலைக்கு மட்டுமே தெரியும். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் வேலை போகும்.

நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அந்தப் பள்ளியில் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் நுழையக் கூடாது, கற்றல் கலைந்துவிடுமாம். யார் வருவதாக இருந்தாலும் முதலில் ஆயாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்பி, டீச்சரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்ல வேண்டும். மணிமேகலை முறைப்படி செல்லியிடம் நோட்டைக் கொடுத்து அனுப்பினாள். கையெழுத்து வந்தது. ஐந்து நிமிடத்தில் போனாள்.

இருபத்து மூன்று பிள்ளைகள். ஒரு நாற்காலி காலி.

“பூவிழி எங்க?”

“இப்பத்தான மிஸ் இருந்தா?” என்று ஆஃப்ரின் சுற்றிப் பார்த்தாள். “பாத்ரூம் போயிருப்பா.”

மேசையில் பாதி வரைந்த படம் ஒன்று கிடந்தது. அதன்மேல் வைத்திருந்த பென்சில் மெல்ல உருண்டு விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. மணிமேகலை நாற்காலியில் கை வைத்தாள். சூடாக இருந்தது.

தாழ்வாரத்துக்கு ஓடினாள். ஆள் நடந்தால் மட்டும் எரியும் விளக்குகள் அங்கே உண்டு, மேடம் வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார். ஆளே இல்லாத தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கும்போதே அணைந்தது. கை நீட்டினால் தானாகத் தண்ணீர் விடும் குழாய் ஒன்று, யாரும் கை நீட்டாமலே கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

இன்னும் இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் முறைப்படி நோட்டு போனது, கையெழுத்து வந்தது, நாற்காலி காலியாக, சூடாக இருந்தது.

“நீங்க வர்ற பேச்சு எடுத்தாலே அவளக் காணம் மிஸ்,” என்றாள் ஆஃப்ரின், சாதாரணமாக. “உங்களப் பாத்தா என்னவோ பயம் போல.”

“அவளுக்கா? பயமா?” என்றாள் மணிமேகலை.

அன்று தேநீர் கொண்டுவந்த செல்லியிடம் மெல்லக் கேட்டாள்.

“அக்கா, இந்த எடத்துல முன்ன என்ன இருந்துச்சி?”

“புளியந்தோப்பு மிஸ்.”

“யாராச்சும் இங்க... சின்னப் புள்ளைங்க ஏதாச்சும்... தெரியாம...”

செல்லி டம்ளரை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க எதையாச்சும் தேடறீங்களா மிஸ்?”

“இல்லக்கா. சும்மா.”

“தேடாதீங்க மிஸ். அது பாட்டுக்கு அது இருக்கட்டும். யாருக்கும் கெடுதல் பண்ணாது.”

மணிமேகலை அடுத்த நாள் வலது கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு, மடிக்கணினிமேல் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள். பிரின்சிபால் அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன, தொட்டு உணரும் ஆக்டிவிட்டியா? எல்லா மேசைக்கும் ஒண்ணு வெச்சிடுங்க,” என்றார். ஆயாக்கள் வாங்கி வந்தார்கள். பள்ளி முழுக்க எலுமிச்சம்பழம். அப்படியும் பூவிழி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

டேர்ம் அறிக்கைக்காகப் புகைப்படங்களைத் தொகுக்க வேண்டி வந்தது. எழுநூறு படம். மண்பானைப் படத்தில், நாடகப் படத்தில், வயல் படத்தில், எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு பிள்ளை. ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். எல்லாவற்றிலும் முதுகு. ஒரே ஒரு படத்தில் மட்டும் திரும்பியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடியிருந்தது.

அடுத்தது ‘என்னைப் பற்றி’ ஒலிப்பதிவு. பிள்ளைகள் தனித்தனியாக உட்கார்ந்து ஒரு நிமிடம் பேச வேண்டும். மாலை நாலரை மணிக்கு, பஸ்கள் எல்லாம் போன பிறகு, மணிமேகலை காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். இருபத்து மூன்று பிள்ளைகளும் தங்களுக்கு நீச்சல் பிடிக்கும், பீட்சா பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தார்கள். இருபத்து நாலாவது பதிவில் முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“நான்... இங்க பூவிழி,” என்றது ஒரு குரல். “காலையில எல்லாருக்கும் முன்னாடி நான் வந்துடுவேன். சாயங்காலம் எல்லாரும் போன பொறவு தான் போவேன். என்னைய யாரும் பாக்கக் கூடாது. பாத்துட்டா நான் இங்க இருக்க முடியாது.”

மறுபடி மூச்சுச் சத்தம்.

“தேங்க் யூ.”

மணிமேகலை கருவியைக் கழற்றி எறிந்தாள். எல்லாரும் போய்விட்ட கட்டடத்தில் எங்கோ சின்னக் கால்கள் ஓடுவது போலக் கேட்டது. வண்டிச் சாவியைத் தேடி எடுத்து, ஒரு செருப்பை விட்டுவிட்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

பட்டியல் பூட்டியிருந்ததால், மறுநாள் முதல் வேலையாகப் பள்ளிப் பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கப் பார்த்தாள். வருவது வரட்டும் என்று நீக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘இந்த மாணவி மிகச் சிறப்பாகக் கற்று வருகிறார். நிச்சயமாக நீக்க வேண்டுமா?’ என்று கேட்டது. வேண்டும் என்றாள். ‘பெற்றோரின் ஒப்புதலைப் பதிவேற்றவும்’ என்றது.

பெற்றோர்! இல்லாத பிள்ளைக்கு யார் பெற்றோர்? அப்போதுதான் ஆஃப்ரின் ஒரு கட்டுக் கோப்புகளோடு உள்ளே வந்தாள். பிள்ளைகளின் வேலைகளையெல்லாம் கோப்பில் போட்டு வீட்டுக்கு அனுப்பி, பெற்றோர் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம்.

“இருபத்து நாலும் வந்துட்டுது மிஸ். டூ பி தான் ஃபர்ஸ்ட்.”

மணிமேகலை கடைசிக் கோப்பைத் திறந்தாள். மற்ற கோப்புகளில் வளைந்து நெளிந்த ஆங்கிலக் கையெழுத்துகள். இதில் ஒரு பெருவிரல் ரேகை, பச்சை மையில். அந்தப் பள்ளியிலேயே பச்சை மை வைத்த ஸ்டாம்ப் பேட் ஒன்றுதான் உண்டு. அது மணிமேகலையின் மேசைமேல் இருந்தது. மூடி திறந்திருந்தது.

ஆஃப்ரின் போனதும் மணிமேகலை தன் பெருவிரலை ரேகைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். தூக்கத்தில் நடந்து வந்து தானே வைத்திருப்போமோ என்று அந்த அளவுக்கு அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ரேகை பொருந்தவில்லை. அதில் நிம்மதிப்படுவதா பயப்படுவதா என்றும் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்தில் மென்பொருள் எல்லா மதிப்பெண்களையும் கூட்டி, டேர்மின் சிறந்த மாணவி யார் என்று அறிவித்தது. கேட்க வேண்டுமா?

“பூவிழி!” என்று பிரின்சிபால் துள்ளினார். “டைஃபாய்டுல கெடந்த புள்ள! தலைமை அலுவலகத்துல இருந்து எல்லாரும் வர்றாங்க. ஸ்டேஜ்ல அவளுக்குக் கோப்பை, அதே ஸ்டேஜ்ல உங்களுக்குப் பணி நிரந்தர ஆர்டர்.”

“மேடம், ரெண்டாவதா வந்த புள்ளைக்குக் குடுத்தா என்ன?”

“ஏன்?”

“பூவிழிக்குக் கூச்சம் ஜாஸ்தி மேடம்.”

“கூச்சத்தப் போக்கத்தான ஸ்டேஜே இருக்கு!”

விழா நாள் மதியம் வானம் இருண்டு, மழை தூறிக்கொண்டிருந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. பிரின்சிபால் ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார். கைதட்டல் எழுந்து, அடங்கியது. யாரும் வரவில்லை. மறுபடி சொன்னார். கடைசி வரிசைக்குப் பின்னால் ஜன்னல் திரை ஒன்று அசைந்தது. காற்றாக இருக்கலாம். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது.

மூன்றாம் முறை பெயர் சொல்வதற்குள் மணிமேகலை மேடைக்கு ஓடினாள்.

“காய்ச்சல் மேடம். நான் வாங்கிக்கறேன்.”

“மறுபடியுமா? பாவம், அந்த ஊருத் தண்ணியே சரியில்ல போல,” என்று மேடம் கோப்பையைக் கொடுத்தார். அடுத்து ஆணைக் கடிதத்தையும் கொடுத்தார். இரண்டு வருடமாகக் கனவு கண்ட காகிதம். மணிமேகலை அதை ஒரு கையிலும் பேயின் கோப்பையை மறு கையிலும் வைத்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்தாள்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பாள். மேடம் அவள் காதருகே குனிந்தார்.

“நாளைக்கு போட்டோகிராபர் வர்றாரு. பூவிழி மூஞ்சியப் பெருசா எடுத்து ஹைவேயில அட்மிஷன் போர்டு வைக்கப் போறோம். முப்பது அடி. சேலத்துல இருந்து வர்ற வண்டியெல்லாம் அவ மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும்.”

மணிமேகலை தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். வெளியே மழை வலுத்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்ட அந்தப் படத்தை நினைத்தாள். முப்பது அடி உயரத்தில் இரண்டு உள்ளங்கைகள். இனி ஒரு பொய்கூடத் தன்னிடம் மிச்சமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நோய்கள் தீர்ந்துவிட்டன, ஊர்கள் தீர்ந்துவிட்டன. அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்தபோது ஆச்சரியமாக மனசு லேசாக இருந்தது.

செல்லி தேநீரோடு வந்தாள்.

“உக்காருங்கக்கா. யார்கிட்டயும் சொல்லாதத உங்ககிட்ட சொல்றேன்,” என்றாள் மணிமேகலை. “பூவிழின்னு ஒரு புள்ளயே கெடயாது. எண்ணிக்க பத்தலன்னு நான் தான் அந்தப் பேர அடிச்சேன். சும்மா ஒரு பேரு. அது எப்பிடியோ உசுரு புடிச்சி வந்து இங்க உக்காந்துட்டுது.”

செல்லி உட்காரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“இப்பவே மேடம்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன். வேல போனாப் போவுது. புளிக் கொட்ட எடுத்துப் பொழச்சிக்கறேன். மொதல்ல அந்தப் பேர லிஸ்ட்ட விட்டு எடுத்துடணும். எடுத்தாத்தான் அது போவும்.”

ஆணைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலை மறித்துக்கொண்டு நின்ற செல்லி நகரவில்லை. அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை மெல்ல நீண்டு வந்து முந்தானையைப் பிடித்தது. தோளோரம் ஒரு சிவப்பு ரிப்பன் எட்டிப் பார்த்தது. மணிமேகலை கத்த வாய் திறந்தாள்.

“எடுத்துடாதீங்க மிஸ், மாத்துனா போதும்,” என்றாள் செல்லி, “எம்பொண்ணு நெஜப் பேரு தமிழ்மணி.”